தடுத்து நிறுத்திய குழந்தைத் திருமணம் மறுபடியும் நடக்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி
எழுதியவர்: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு வட்டம்

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். நான் எழுதப்போகும் பிள்ளை நாளைக்கும் அதே ஊரில்தான் நடமாட வேண்டும்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். வயது 16. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த கையோடு, 27 வயதான தாய்மாமனுக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதென்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பெற்றோர் இருவரும் காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளில் அனைவரும் அறிந்ததே. தாய்க்கு இந்தத் திருமணத்தில் துளியும் விருப்பமில்லை. ஆனால் மாப்பிள்ளை அவருடைய கூடப்பிறந்த தம்பி என்பதால், புகுந்த வீட்டில் மட்டுமன்றிப் பிறந்த வீட்டிலும் அவரால் வாய் திறக்க முடியவில்லை. "நான் வேண்டாம்னு சொன்னா அடி எனக்குத்தான் டீச்சர், நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இந்தச் செய்தியை உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு நடந்ததுதான் என்னைத் தயங்க வைக்கிறது. அப்போதும் வேறொரு மாணவிக்காகத் தகவல் கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், பெற்றோரிடம் அறிவுரை சொன்னார்கள், 18 வயது நிறைவடையும் வரை திருமணம் செய்து வைக்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மூன்று வாரம் கழித்து, மலைக்குக் கீழே ஒரு கோயிலில் பத்துப் பேரை வைத்து அந்தத் திருமணத்தை முடித்துவிட்டார்கள். அந்தப் பெண் கருவுற்று மருத்துவமனைக்குப் போனபோது, சட்டப்படி மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவிக்க, கணவன் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் சிறைக்குச் சென்றான். இப்போது அவள் கைக்குழந்தையுடன் தாய் வீட்டில் இருக்கிறாள். ஊரில் சிலர் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அதைவிட எனக்கு அச்சமூட்டுவது வேறொன்று: வழக்கு வந்துவிடும் என்று பயந்து, கருவுற்ற சிறுமிகளை மருத்துவமனைக்கே அழைத்துப் போகாமல் மறைக்கத் தொடங்கிவிடுவார்களோ என்பதுதான் அது.

ஆகவே என் கேள்வி, திருமணத்தை நிறுத்துவது எப்படி என்பதன்று. நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை அவளைக் காக்க அரசின் ஏற்பாடுகளில் என்ன இருக்கிறது, அதை யார் மூலம் பெறுவது? அடிபடும் அந்தத் தாய்க்கு என்ன செய்யலாம்? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

மறுமொழி 1
எழுதியவர்: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சேலம் நீதிமன்றங்களில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான வழக்குகளை நடத்திவருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு உங்கள் ஊரில் நடந்ததைப் போலப் பல இடங்களில் நடக்கக் கண்டிருக்கிறேன். அதிகாரிகள் எழுதி வாங்கும் உறுதிமொழிக் கடிதத்துக்கு நெறிமுறை சார்ந்த மதிப்பு உண்டே தவிர, அதை மீறி நடக்கும் திருமணத்தைச் செல்லாததாக்கும் வலு அதற்கு இல்லை. அந்த வலு நீதிமன்றத்தின் தடை ஆணைக்கு இருக்கிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006இன் 13ஆம் பிரிவு, திருமணம் ஏற்பாடாகியிருப்பதாக நம்பத்தக்க தகவல் கிடைத்தால் அதைத் தடுத்து ஆணையிடும் அதிகாரத்தை நீதித்துறை நடுவருக்கு அளிக்கிறது. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் மனுச் செய்யலாம். நேரடியாக விவரம் அறிந்த எவரும் புகார் அளிக்கலாம். அவசரமானால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமலே இடைக்காலத் தடை விதிக்கவும் முடியும். தடை ஆணையை அறிந்தும் மீறுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் (பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது). எல்லாவற்றையும்விட முக்கியமானது 14ஆம் பிரிவு: தடை ஆணை இருக்கும்போது நடத்தப்படும் குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. கீழே உள்ள கோயிலில் பத்துப் பேரை வைத்து நடத்தினாலும் செல்லாது. தடை ஆணை இல்லாமல் நடந்த குழந்தைத் திருமணமோ, அந்தப் பெண்ணே நீதிமன்றம் சென்று ரத்துச் செய்யக் கோரினால்தான் நீங்கும். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், உறுதிமொழிக் கடிதத்தோடு கோப்பை மூடிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதுதான்.

தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். நீங்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் தகவல் சொன்னால் உங்கள் பெயர் வெளியே வராது. ஆனால் சொல்லும்போது, "திருமணத்தை நிறுத்துங்கள்" என்பதோடு விட்டுவிடாமல், "சென்ற ஆண்டு இதே ஊரில் உறுதிமொழி மீறப்பட்டிருக்கிறது, ஆகவே 13ஆம் பிரிவின்படி தடை ஆணை கோர வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், பதிவு செய்துகொண்டார்களா என்று கேளுங்கள். சிறுமியைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள். வீட்டில் இருப்பது அவளுக்குப் பாதுகாப்பானதா என்று முடிவு செய்வதும், தொடர்ந்து கண்காணிக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் பணிப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு. வயதை மெய்ப்பிக்கப் பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் போதும். அவை இருக்கும்போது மருத்துவச் சோதனைக்கு அவளை அலைக்கழிக்கத் தேவையில்லை. பள்ளிப் பதிவேடு உங்கள் கையில் இருப்பது பெரிய பலம்.

"நாங்கள் மலையாளிப் பழங்குடியினர், எங்களுக்கு எங்கள் வழக்கம்" என்ற வாதம் எழக்கூடும் (இங்கே மலையாளி என்பது கேரளத்தவரை அன்று, இந்த மலைவாழ் பழங்குடியினரைக் குறிக்கும்). இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சாதி, சமயம், வழக்கம் எதையும் பாராமல் குடிமக்கள் அனைவருக்கும் பொருந்தும். 18 வயதுக்குக் குறைந்த மனைவியுடன் கொள்ளும் உறவும் பாலியல் வன்கொடுமையே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. சென்ற ஆண்டு அந்த இளைஞன் சிறைக்குப் போனது உங்களால் அன்று. திருமணத்தை நடத்தி வைத்தவர்களால்.

அந்தப் பெண்ணையும் மறந்துவிடாதீர்கள். அவளுடைய குழந்தை சட்டப்படி முறையான குழந்தையே. அவள் 20 வயது நிறைவடைவதற்குள் திருமணத்தை ரத்துச் செய்யக் கோரலாம். ஜீவனாம்சமும் தங்குமிடமும் கேட்கலாம். போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்க முடியும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. யாராவது கேட்டார்களா என்பதே தெரியவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

தாயைப் பொறுத்தவரை, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இருக்கிறது. இதன்படி அவர் கணவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், பாதி அச்சம் தீரும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் அவர் சொல்வதைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கையாகப் பதிவு செய்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணையும், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு ஆணையும் பெறலாம். இந்தச் சட்டத்தின்படி, பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை. இரவில் நிலைமை முற்றினால் 181 மகளிர் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மகளோடு சில நாள் தங்கவும், அங்கேயே மருத்துவ, சட்ட உதவி பெறவும் முடியும்.

மறுமொழி 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற ஊர்நல அலுவலர், ஓமலூர்

ஆசிரியையம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. அன்றும் நாங்கள் கேட்டது இதே கேள்வியைத்தான்: காப்பாற்றிய மறுநாள் என்ன செய்வது?

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது பிரிந்திருக்கவில்லை. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், வேண்டாமென்றால் இந்தத் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள், அரசு வளர்க்கும் என்று அறிவித்தார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகளை என் கையால் தூக்கியிருக்கிறேன். அவர்கள் பிழைத்தார்கள் என்பதால் அந்தத் திட்டத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். என்றாலும் பெண் பிள்ளையைக் கைவிடலாம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதுபோல் ஆகிவிடாதா என்று மகளிர் அமைப்பினர் அன்றே கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 851 பெண்கள்தான் சேலத்தில் இருந்தார்கள். தொட்டில் வைத்து ஒன்பது ஆண்டு கழிந்த பிறகும் நிலைமை அதுதான். அதற்குள் ஸ்கேன் மையங்கள் பெருகிவிட்டிருந்தன; கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்ததே ஒழிய, நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

என் அனுபவத்தில் பலன் தந்தது, வீட்டைத் தேடிப் போனதுதான். ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள தாய் மறுபடி கருவுற்றால், கிராம சுகாதார செவிலியர் அவர் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்வார். பிரசவத்துக்கு முன்பே நாங்கள் அந்த வீட்டுக்குப் போவோம். பிறந்த பின்னும் மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று போய்க்கொண்டே இருப்போம். மாமியாரோடு உட்கார்ந்து பேசுவோம். "இந்த வீட்டை யாரோ கவனிக்கிறார்கள்" என்ற உணர்வு ஒன்றே பல பிள்ளைகளைக் காப்பாற்றியது. 1990களின் இறுதியில் அண்டை மாவட்டமான தருமபுரியில் வீதி நாடகக் கலைப்பயணம் நடத்தினார்கள். அதில் பெண்கள் அழுததையும், ஆண்கள் தலை குனிந்து நின்றதையும் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வழக்கறிஞர் ஐயா சொன்ன தடை ஆணை வேண்டும்தான். ஆனால் அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவதற்கு ஆள் வேண்டும். உங்கள் ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மகளிர் குழுவினர் அதில் உறுப்பினர்கள். அது கூடுகிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லையென்றால் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்களில் அங்கன்வாடிப் பணியாளரும் சுகாதார செவிலியரும் அந்த வீட்டில் ஒரு கண் வைத்திருக்கட்டும். வெளியூர்த் திருமணத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறோம் என்பார்கள். அங்கே போனால் அது அவளுடைய திருமணமாகவே இருக்கும். இப்படி இரண்டு முறை நான் ஏமாந்திருக்கிறேன். இன்றுவரை அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

இன்னொன்று. நாங்கள் எப்போதும் பெண்ணின் தந்தையிடம்தான் போய் நிற்போம். பிறகுதான் புரிந்தது, முதலில் பேச வேண்டியது மாப்பிள்ளையிடம் என்பது. மணமகன் 18 வயது கடந்த ஆணாக இருந்தால் அவனுக்கே இரண்டு ஆண்டு கடுங்காவல் வரை கிடைக்கும். ஜாமீனில் விட முடியாத குற்றம். உங்கள் ஊரில் சென்ற ஆண்டு ஒருவன் சிறை சென்றதை அந்தத் தாய்மாமனும் பார்த்திருப்பான். அவன் அந்தத் தாய்க்குத் தம்பி. அக்காள் நேரில் சொல்லத் துணியாததை, அவனை மதிக்கும் ஒருவர் வழியாகச் சொல்ல வையுங்கள். "எனக்கு இப்போது வேண்டாம்" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டால், பழி அந்தத் தாய் மேலும் விழாது, பெண் மேலும் விழாது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் அவள் பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்குத்தான் வரன் தேடுவார்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சிக்கோ போனால், 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வருகிறது. தந்தையிடம் சட்டத்தைப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: மலைக் கிராமத்து இளைஞர்

மேலே எழுதிய பெரியவர்கள் மீது மிகுந்த மதிப்பு வைத்தே எழுதுகிறேன். நான் இதே மலையில், மலையாளிச் சமூகத்தில் பிறந்தவன். என் சொந்த அக்காவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. ஆகவே எங்கள் வழக்கம் என்று சொல்லி எவரும் இதைக் காக்க முன்வந்தால் அவர்களுடன் நான் நிற்கமாட்டேன்.

ஆனால் பெற்றோர் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று யாரும் எழுதவில்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் தாயும் தந்தையும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். மிளகு, காபி அறுவடைக் காலத்தில் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பெண் தனியாக இருக்கிறாள். மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கிறது. பேருந்தைத் தவறவிட்டால் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அவளுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ, யாருடனாவது போய்விடுவாளோ என்ற பயம்தான் அவர்களை உறவிலேயே ஒருவனைத் தேட வைக்கிறது. அவர்கள் அதைப் பாதுகாப்பு என்றே நினைத்துச் செய்கிறார்கள். அந்தப் பயத்துக்கு விடை சொல்லாமல் தடை ஆணையை மட்டும் நீட்டினால், ஆணை முடியும் நாளுக்காகக் காத்திருப்பார்கள், அல்லது ஆணையே எட்டாத இடத்துக்குப் போவார்கள். விடுதியில் இடம் வாங்கித் தாருங்கள். பள்ளி நேரத்துக்குப் பேருந்து வரச் செய்யுங்கள். என் அக்காவுக்கு விடுதி கிடைத்திருந்தால் எங்கள் அப்பா அன்று சம்மதித்திருக்கமாட்டார் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் ஊர்களில் பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்னும் ஊர்த் தலைவர்களின் சொல்லுக்கு இன்னும் மதிப்பு உண்டு. அதிகாரிகள் ஜீப்பில் நேராகப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் இறங்கும்போது, அது ஊரின் மானப் பிரச்சினையாகிவிடுகிறது. முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களை அழைத்து, திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும் தண்டனை உண்டு என்பதை எடுத்துச் சொன்னால், அவர்களில் பலர் தாலி எடுத்துக் கொடுக்க முன்வரமாட்டார்கள். அதேபோல், நீதிமன்றம் என்றால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும், சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டும். அந்தத் தாய் எத்தனை முறை போவார்?

மறுமொழி 4
எழுதியவர்: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

தம்பி எழுதியது முழுக்கச் சரி. என் மறுமொழியில் விட்டுப்போனதை அவர் நிரப்பியிருக்கிறார். ஒரு விளக்கம் மட்டும் தருகிறேன். குழந்தைத் திருமணத் தடை ஆணைக்கான மனுவை அலுவலரே தாக்கல் செய்வதால், அதற்காகத் தாய் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. குடும்ப வன்முறை வழக்குக்குத்தான் அவர் வர வேண்டியிருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வழக்கறிஞரை அவர்களே அமர்த்துவார்கள். பட்டக்காரரிடம் பேசுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை: திருமணத்தைத் தடுக்க அவரை நாடலாம், ஆனால் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருந்தால் அதை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்க எவருக்கும் உரிமை இல்லை. அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே போக்சோ சட்டத்தின்படி குற்றம்.

மறுமொழி 5
எழுதியவர்: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு வட்டம்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டு நாட்களில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1098இல் தகவல் சொன்னேன். வழக்கறிஞர் ஐயா எழுதியபடியே சென்ற ஆண்டு நிகழ்வைக் குறிப்பிட்டு, தடை ஆணை வேண்டுமென்று கேட்டேன். இந்த முறை வந்த அலுவலர் எழுதி வாங்கியதோடு நிற்காமல், பள்ளிப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிச் சென்றார். மனுத் தாக்கலாகிவிட்டதாக நேற்றுத் தெரிவித்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்துப் பேசியிருந்தேன். அவர் அந்தத் தாய்மாமனைத் தனியே அழைத்துப் பேசினார். அவன் இன்னும் பிடி கொடுக்கவில்லை. ஆனால் பந்தலுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறான் என்று அறிகிறேன்.

தாய் தன் கணவர் மீது எதுவும் எழுதித் தர இப்போது விரும்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை. 181 என்ற எண்ணை அவருடைய கைப்பேசியில் என் பெயருக்குக் கீழே பதிந்து வைத்திருக்கிறேன். பக்கத்து லைன் வீட்டு அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு மாணவியைக் குழந்தையுடன் அடுத்த வாரம் சேலத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். அவளுக்காக இழப்பீடு கேட்டு யாரும் இதுவரை மனுச் செய்யவில்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

விடுதிக்கான விண்ணப்பத்தை நேற்று மாலை நிரப்பினோம். தந்தை கையெழுத்திட மறுத்துவிட்டார். தாய் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். தலைமையாசிரியை அதை ஏற்றுக்கொண்டு முத்திரையிட்டுவிட்டார். நீதிமன்ற ஆணையின் நகல் கைக்கு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.